மேக்கு ஜன்னலுக்கு என்ன திரை?

போன மாசம் தூத்துக்குடியில மகள் குடிபோன வீட்டுக்குத் திரைச்சீலை வாங்க என்னையும் கூட்டிட்டுப் போனா. அஞ்சு ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் ஒரே நீலம், தரை வரைக்கும் தொங்குற கனத்த பாலியஸ்டர். "ஏம்மா, கிழக்கு ஜன்னலுக்கும் மேக்கு ஜன்னலுக்கும் ஒரே சீலையா?"ன்னேன். "அப்பா, கடையில வச்சு வரலாறு ஆரம்பிச்சிராதீங்க"ன்னுட்டா. அதனால இங்க எழுதுறேன்.

ஜன்னல்ங்கிற சொல்லே கடல் வழியா வந்தது. 1530களில் இந்த முத்துக் கடற்கரையில் காலூன்றிய போர்த்துக்கீசியர் பேச்சில் அது 'ஜனெலா'. சாவி, மேசை, அலமாரியும் அவங்க விட்டுட்டுப் போன சொற்கள்தான். அதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஜன்னல் இல்லையா? இருந்துச்சு. சிலப்பதிகாரத்தில் 'காலதர்'னு வரும். கால்னா காற்று, அதர்னா வழி. காத்து வாறதுக்கு விட்ட வழி, அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் திரை போடுறவங்க முதல்ல பாக்க வேண்டியதும் காத்தைத்தான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை மேல்காத்து. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு, கணவாய் வழியா காஞ்சு போய் வரும். கயத்தாறு பக்கம் காத்தாலை சுத்துறது இதுலதான். எங்க கரிசல் புழுதியையும் அள்ளிட்டு வரும். சாயங்கால வெயிலும் அதே திசை. ஐப்பசி பிறந்துட்டா வடகிழக்கு வாடை, சாரல்.

இதுக்கு ஏத்த மாதிரி எங்க வீடுகள்ல வாசலுக்கு ஒரு மறைப்பு இருந்துச்சு. மேக்கே பனையோலைத் தட்டி. குருத்தோலை ஆகாது, அது பெட்டி முடையத்தான். முத்துன சாரோலையைக் கம்புச் சட்டத்துல பரப்பி, பனைநாரால இறுக்கி, ஜன்னலுக்கு வெளிய தொங்கவிட்டு, கீழயும் ஒரு கட்டு. வெயிலை வெளியிலேயே நிறுத்திரும். உள்ள போடுற சீலை அப்படியில்ல. கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டுல தானும் காஞ்சு, ரூமையும் காய வைக்கும். வாடைப் பக்கம் உப்புச் சாக்கைப் பிரிச்சுத் தைச்ச படுதா. அடுக்களை நிலைக்கு அம்மாவோட பழைய நூல் சேலை.

வசதி உள்ளவங்க வீட்டுல வேற ஏற்பாடு. 1658-ல டச்சுக்காரன், 1825-ல இங்கிலீஷ்காரன்னு ஊர் கைமாறுச்சு. அந்தக் காலத்துப் பாணிக் கட்டடங்கள்ல மரச் சட்டத்தைச் சரிவா அடுக்கின கதவு இருக்கும். நடுவுல ஒரு குச்சி. மேல தள்ளினா திறக்கும், கீழ இழுத்தா மூடும். காத்து வரும், வெயில் வராது, உள்ள இருக்குறவங்களும் தெரியமாட்டாங்க. இன்னிக்கு 'பிளைண்ட்ஸ்'னு விக்கிறது இதோட பேரன்தான். ஆனா கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டுறதால பாதி வேலைதான் செய்யுது.

முத்துக்குளிப்பு நடந்தப்போ கடற்கரையில ஓலைக் கொட்டகையாலயே ஒரு ஊர் எழும்பும். 1961-தான் கடைசி. ஓலைக்கு இருந்த மவுசுல ஒரு பங்கு அதோட போச்சு.

சீலைக்கு வருவோம். 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கிருந்து பருத்தி வரத்து நின்னப்போ, இங்கிலாந்து மில்லுங்க இந்தியப் பருத்தியைத் தேடுச்சு. எங்க கரிசல் பருத்தி கப்பல் ஏறுனது இந்தத் துறைமுகத்துலதான். கிரேட் காட்டன் ரோடுன்னே ஒரு தெருவுக்குப் பேரு வந்துச்சு. 1908-ல வ.உ.சி. நின்னு நடத்துன வேலைநிறுத்தமும் இங்க உள்ள கோரல் நூல் மில்லுலதான். அப்பேர்ப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு பாலியஸ்டர் வாங்குறோமேன்னு எனக்கு ஒரு வயித்தெரிச்சல், வேற ஒண்ணுமில்ல.

கடைசியில மகள் கொஞ்சம் இறங்கி வந்தா. கிழக்கே மெல்லிசு வெள்ளை நூல் துணி, காலை வெளிச்சம் வடிஞ்சு வரும். வடகிழக்கே சீக்கிரம் காயுற பாலியஸ்டர், ஜன்னல் அடியோட நிக்கிற நீளம். பால்கனிக் கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒதுக்குற மாதிரி. கம்பி மட்டும் இரும்பு வேண்டாம்னேன். உப்புக்காத்துல ஆறே மாசத்துல துருப்பிடிச்சு, துணியில கறை இறங்கிரும்.

மேக்கு ஜன்னலுக்குத் தட்டி நான் தாறேன்னு சொல்லிட்டேன். எங்க ஊர்ல அதைக் கட்டத் தெரிஞ்சவர் இப்ப ஒருத்தர்தான், எழுபது தாண்டிட்டாரு. போய்ச் சொன்னதும், "எத்தனாவது மாடி? அங்க காத்து எப்படி?"ன்னு கேட்டாரு. மூணுன்னேன். "அப்ப சட்டம் வேற போடணும். ஆடி பிறக்கிறதுக்குள்ள தாறேன், ஓலை மட்டும் நீங்க வெட்டிக் கொண்டாங்க அய்யா"ன்னாரு. மரமேற ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்.