ஹைபெக் (வயிற்றறைச் சூட்டு மருந்துச் சிகிச்சை)
வயிற்றறையின் உட்சுவரையும் குடல்களையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு பெரிட்டோனியம். சினைப்பை, பெருங்குடல், குடல்வால் புற்றுநோய்கள் இதில் விதை தூவியதுபோல் பரவுவதுண்டு. ரத்தக்குழாய் வழியே ஏற்றும் மருந்து அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை.

அதற்காக வந்ததே ஹைபெக். 1980-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்ப்ராட் இதன் முதல் பயன்பாட்டைப் பதிவு செய்தார். சவ்வை உரித்தெடுக்கும் அறுவை முறையை வகுத்தவர் வாஷிங்டனின் பால் சுகர்பேக்கர்.

பெயர் என்னவோ மருந்துக்கு, பெரும்பாடு கத்திக்குத்தான். வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து, கட்டியின் அளவுப்படி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார்கள். உச்சம் 39, எண் ஏற ஏறப் பலன் குறையும். கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை அகற்றிய பிறகே, மிட்டோமைசின் அல்லது சிஸ்பிளாட்டின் கலந்த திரவம் 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில், பெரும்பாலும் 60 முதல் 90 நிமிடம், குழாய்கள் வழியே வயிற்றுக்குள் சுழலும். அது சில மில்லிமீட்டர் ஆழமே ஊடுருவும் என்பதால், பெரிய கட்டியை மிச்சம் வைத்தால் பயனில்லை.

2018-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மூன்றாம் நிலை சினைப்பைப் புற்றுநோயாளிகளின் இடைநிலை ஆயுள் 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமாகக் கூடியது. பெருங்குடல் புற்றுநோயில் கதை வேறு. பிரான்சின் புரோடிஜ் 7 ஆய்வில் ஹைபெக் பெற்றோர் 41.7 மாதம், பெறாதோர் 41.2 மாதம். அங்கே ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து 30 நிமிடமே சுழன்றதுதான் காரணம் என்று சிலர் வாதிடுகிறார்கள்.