உடம்பு புதுசு, நம்பர் பழசு: எம்.ஜி.பி. காரின் கதை

ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, அதே கதவு, அதே ஜன்னல், அதே தூண்களை வைத்துப் புதுச் சுவர் எழுப்பினால் அது பழைய வீடா, புது வீடா? வீடு என்றால் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு விட்டுவிடலாம். கார் என்றால் அப்படி விட முடியாது. காருக்கு நம்பர் இருக்கிறது, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, விலை இருக்கிறது. "இது 1965ம் வருஷத்துக் கார்" என்று சொல்லி விற்றால், அதில் 1965 எங்கே இருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்பார்.

இந்தக் கேள்வியை இங்கிலாந்தின் எம்.ஜி.பி. அளவுக்குச் சந்தித்த ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவு.

பிறந்ததே ஒட்டுப்போட்டுத்தான்

எம்.ஜி. என்றால் மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் மாரிஸ் கார்களை விற்று, பழுது பார்த்துக் கொடுத்த இடம். 1920களில் அதன் மேனேஜராக இருந்த செசில் கிம்பர், சாதாரண மாரிஸ் காரின் மேல் அழகான பாடியைக் கட்டி, கொஞ்சம் வேகத்தையும் கூட்டி விற்க ஆரம்பித்தார். அதாவது எம்.ஜி. என்ற பெயரே ஒரு 'அப்கிரேடு' வேலையில் இருந்து பிறந்ததுதான்! 1929ல் அது பக்கத்து ஊரான ஆபிங்டனுக்குக் குடிபோனது.

அங்கே 1962ல் வந்ததுதான் எம்.ஜி.பி. வடிவமைத்த குழுவின் தலைவர் சிட் எனெவர். இரண்டு சீட், திறந்த கூரை, 1798 சி.சி. எஞ்சின், மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அந்த எஞ்சின் ஒன்றும் வானத்தில் இருந்து குதித்ததல்ல. குடும்பக் கார்களுக்காகச் செய்த 'பி-சீரிஸ்' எஞ்சினைப் பெரிதாக்கியதுதான். நம்ம ஊர் அம்பாஸடரில் பல காலம் ஓடிய 1489 சி.சி. எஞ்சினும் இதே குடும்பம். அம்பாஸடரும் இந்த ஸ்போர்ட்ஸ் காரும் ஒருவகையில் பங்காளிகள்!

சேஸிஸ் இல்லாத கார்

இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. காருக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியைக் கழற்றினாலும் அடியில் சட்டம் நிற்கும். எம்.ஜி.பி.யில் அந்தச் சட்டம் கிடையாது. தகடுகளை மடக்கி, பெட்டி பெட்டியாக வெல்டிங் செய்து, பாடியே பாரத்தைத் தாங்கும்படி செய்தார்கள். எடை குறைந்தது, உள்ளே இடம் கூடியது.

ஆனால் கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் முக்கியமாகப் பிடித்து நிறுத்துவது எது? கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் 'சில்' என்ற பெட்டித் தகடுதான். வெளித் தகடு, உள் தகடு, நடுவில் ஒரு தடுப்பு. மழைத் தண்ணீரும், பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் துரு உள்ளிருந்து தின்ன ஆரம்பிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

துருப்பிடித்த சில்லை அப்படியே வெட்டி எடுத்தால் கார் நடுவில் மடங்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கதவு இருக்கும் இடத்தில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்வார்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கம். நடுநடுவே கதவை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பட்டி பூசி மறைக்கிற டிங்கரிங் இங்கே செல்லாது. இது காரின் முதுகெலும்பு.

கடைசி நாட்கள்

1974ல் அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளுக்காக குரோம் பம்பர் போய்க் கனமான கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. விளக்கின் உயரமும் விதிப்படி இருக்க வேண்டும் என்பதால் காரையே கொஞ்சம் தூக்கினார்கள். வளைவுகளில் கார் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. புது மாடல் செய்யக் கம்பெனியிடம் காசு இல்லை. தாய்க் கம்பெனியான பிரிட்டிஷ் லேலண்ட் 1979 செப்டம்பரில் ஆபிங்டனை மூடப்போவதாக அறிவித்தது. 1980 அக்டோபரில் கடைசிக் கார் வெளியே வந்தது. 18 வருஷத்தில் 5 லட்சத்துக்கும் மேல் கார்கள். அத்தனையும் செய்தவர்கள் வேலை இழந்தார்கள்.

பொதுவாகக் கதை இங்கேதான் முடியும். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் நன்றாக இருந்தாலும் சில் அழுகிய கார்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அச்சு தப்பித்தது

ஒரு காரின் பாடியைச் செய்ய நூற்றுக்கணக்கான இரும்பு அச்சுகள் (டை) வேண்டும். தகட்டை வைத்து பிரஸ்ஸில் அழுத்தினால்தான் வளைவு கிடைக்கும். உற்பத்தி நின்றுவிட்டால் அவற்றை இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவது தொழிற்சாலைகளில் சகஜம். எம்.ஜி.பி.யின் அச்சுகள் நிறையத் தப்பித்தன. பழைய கார்களின் உதிரி பாகங்களுக்காக 1975ல் தொடங்கப்பட்ட 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ்' நிறுவனத்தில் டேவிட் பிஷப் என்பவரின் முயற்சியால் அந்த அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988ல் எம்.ஜி.பி.யின் முழு பாடியையும் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். கார் நின்று 8 வருஷம் கழித்து, அதே அச்சில் அதே பாடி!

வைத்திருப்பவர் செய்ய வேண்டியது இதுதான். தன் காரைப் பிரித்து எஞ்சின், அச்சாணி, ஸ்டீரிங், சீட் எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்து, புதுப் பாடியில் மாட்ட வேண்டும். பழைய பாடி காயலான் கடைக்கு. பழைய நம்பர் புதுப் பாடிக்கு.

1992ல் ரோவர் கம்பெனியே இந்தப் பாடியை அடிப்படையாக வைத்து 3.9 லிட்டர் வி8 எஞ்சினோடு 'எம்.ஜி. ஆர்.வி.8' என்ற காரை அறிமுகம் செய்தது. 1995 வரை சுமார் 2,000 கார்கள் செய்தார்கள். பெரும்பகுதி போனது ஜப்பானுக்கு. அதே ஜப்பானின் மாஸ்டா, பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களை மனதில் வைத்து 1989ல் எம்.எக்ஸ்.5 காரைக் கொண்டுவந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது என்பது தனிக்கதை.

எதை மாற்றலாம்?

புதுப்பிக்கும்போது கூடவே மேம்படுத்தும் ஆசையும் வருகிறது. சில மாற்றங்களில் சண்டையே இல்லை. 1967 வரை வந்த கார்களில் டைனமோ; அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டால் இரவில் விளக்கு மங்காது. பிரிட்டனில் 2000ம் வருஷம் ஈயம் கலந்த பெட்ரோல் கடைகளில் நின்றது. ஈயம் இல்லாவிட்டால் பழைய சிலிண்டர் ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் தேயும், அதனால் அங்கே கடினமான உலோக வளையம் பதிக்கிறார்கள். 2021ல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றாவிட்டால் கார் பழுதாகலாம் அல்லது தீப்பிடிக்கலாம். இங்கே 'அசல்' என்று அடம்பிடிப்பவர்கள் குறைவு.

சண்டை எஞ்சினில் வரும். 1967ல் கம்பெனியே 6 சிலிண்டர் இரும்பு எஞ்சினை வைத்து எம்.ஜி.சி. என்று விட்டது. மூக்குக் கனத்து, வளைவில் திரும்ப மறுக்கிறது என்று திட்டு வாங்கி 1969ல் நின்றது. 1970 வாக்கில் கென் காஸ்டெல்லோ என்பவர் தன் பட்டறையில் ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினை எம்.ஜி.பி.யில் வைத்தார். அலுமினியம் என்பதால் எடை கிட்டத்தட்ட பழைய எஞ்சின் அளவுதான், சக்தியோ நிறையவே தாராளம். அதைப் பார்த்த பிறகு கம்பெனியும் 1973 முதல் 1976 வரை 2,591 வி8 கார்களைச் செய்தது. ஒரு மெக்கானிக் செய்த மாற்றம், பிறகு 'அசல்' ஆகிவிட்டது!

சர்க்கார் போட்ட மார்க்

பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம் பெரிதாக மாற்றிய கார்களுக்கு மார்க் போட்டுப் பார்த்தது. சேஸிஸ் அல்லது பாடிக்கு 5, சஸ்பென்ஷன் 2, அச்சாணி 2, கியர்பாக்ஸ் 2, ஸ்டீரிங் 2, எஞ்சின் 1. எட்டாவது வாங்கினால்தான் பழைய நம்பர். எஞ்சினுக்கு ஒரே ஒரு மார்க்தான் என்பதைக் கவனியுங்கள். காரின் உயிர் எஞ்சின் என்று நாம் நினைக்கிறோம், சர்க்கார் உடம்பைத்தான் பார்த்தது. பழைய அளவிலேயே செய்த புதுப் பாடிக்கும் அந்த 5 மார்க் உண்டு.

2025 ஆகஸ்டில் இந்த விதிகளையும் தளர்த்தினார்கள். இருந்தது இருந்தபடி புதுப்பித்தால் தெரிவிக்கக்கூட வேண்டாம். எலெக்ட்ரிக் மோட்டார் வைப்பது போன்ற பெரிய மாற்றம் என்றால் தெரிவிக்க வேண்டும், ஆனால் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம்.

துரு, விதிகள், பெட்ரோல், பணம் என்று எல்லாமே இந்தக் காருக்கு எதிராக இருந்தன. கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் சில கார்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். அச்சைக் காப்பாற்றியதாலும், பாகங்களை மாற்றத் தயங்காததாலும் இன்றும் ஆயிரக்கணக்கில் ரோட்டில் ஓடுகின்றன. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஆபிங்டன் தொழிலாளி அந்தக் கதவைப் பொருத்திய கைவேலை, பழைய பாடியோடு காயலான் கடைக்குப் போய்விட்டது. அது எந்த அச்சிலும் இல்லை.

உடம்பும் புதுசு, எஞ்சினும் மாறிவிட்டது, நம்பர் மட்டும் பழசு என்றால் அது எந்த வருஷத்துக் கார்? நீங்களே சொல்லுங்கள்.