கணினிக் குறியேற்றமும் நம் ஆவணங்களும்



பிளவக்கல் அணைக்குக் கீழே, வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டி எழுத்தாளர் பாமாவின் ஊர். அவருடைய ‘கருக்கு’ 1992இல் வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் எழுத்து பெருகிய காலம் அது. முந்தைய ஆண்டு அக்டோபரில், நம்மில் யாருக்கும் தெரியாமல் இன்னொன்றும் நடந்தது. உலக எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யுனிகோடின் முதல் பதிப்பு வெளியானது. தமிழும் அதில் இருந்தது.

தமிழுக்குக் கிடைத்த 128 இடங்களும் இந்திய அரசின் ‘இஸ்கி’ குறியேற்றத்தின் 1988 வடிவத்தை ஒட்டிப் பிரிக்கப்பட்டவை. அதற்கு அடிப்படை தேவநாகரி வரிசை. அதனால்தான் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று கட்டங்கள் இன்றும் காலியாகக் கிடக்கின்றன. உயிர்மெய்க்குத் தனி எண் கிடையாது. ‘கொ’ என்றால் க-வின் எண்ணும், கொம்பும் காலும் சேர்ந்த குறிக்கு ஓர் எண்ணும். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. 2010இல் யுனிகோடை ஏற்ற தமிழ்நாடு அரசு, அப்படி அமைந்த டேஸ்16ஐயும் மாற்றாக அறிவித்தது. அந்த வழக்கில் நமக்குப் பெரிய அக்கறை இல்லை. நம் இழப்பு வேறிடத்தில் இருக்கிறது.

விண்டோஸ் 2000 வரும்வரை யுனிகோடில் தமிழ் அடிக்கும் வசதி நம் கைக்கு எட்டவில்லை. டிடிபி கடைக்கு ஓர் எழுத்துரு. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்த ஏற்பாடு. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு டாம், டாப் என்று தரம் வகுத்த பிறகும் பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1995 கொடியங்குளம், 1997 மேலவளவு, 1999 தாமிரபரணி: அந்த ஆண்டுகளில் நாம் அடித்த துண்டறிக்கைகளும் உண்மை அறியும் குழு அறிக்கைகளும் இந்தக் கோப்புகளில்தான் கிடக்கின்றன. இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ‘கொடியங்குளம்’ என்று தேடினால் ஒன்றும் வராது.

அயோத்திதாசரின் ‘தமிழன்’ 1907இல் ஈய எழுத்தில் அச்சானது. ஞான. அலாய்சியஸ் அந்த எழுத்துகளைத் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வந்தபோது, 92 ஆண்டுக் காகிதத்தைப் படிக்கக் கண் போதுமாக இருந்தது. அதே 1999இல் அடித்த கோப்புக்கு இன்று மாற்றி என்னும் மென்பொருள் வேண்டும்.

அந்த மாற்றியையும் நம்பிவிட முடியாது. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பின் வரிசை: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் க முதலில் வரவேண்டும். இதைக்கூட நிரல் சரியாகச் செய்துவிடும். சிக்கல் ‘கௌ’வில். பல எழுத்துருக்களில் அதன் கடைசி உறுப்புக்கும் ‘ள’வுக்கும் ஒரே விசை. அணையில் பிடிக்கிற கெளுத்தியைச் சரியாக எழுதும் மாற்றி, கௌரவத்தைக் ‘கெளரவம்’ ஆக்கும். அதைத் திருத்தினால் கெளுத்தி கெடும். மனிதக் கண்தான் பிரித்தறிய வேண்டும்.

கனடாவின் பூர்வகுடி அசையெழுத்துகளும் 1999இல்தான் யுனிகோடில் ஏறின. ஆனால் நாட்டிலிக் இனுயிட் மக்களின் சில எழுத்துகள் விடுபட்டிருந்தன. அவர்கள் கேட்டுப் பெற்றது 2021இல். நம் பக்கத்தில் கர்ணம் கணக்கின் நன்செய், புன்செய், வேலிக் குறிகளுக்குக்கூட 2019இல் இடம் கிடைத்துவிட்டது. நிலம் கிடைக்காவிட்டாலும் நிலத்தின் குறி கிடைத்திருக்கிறது என்று சிரித்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கு இடம் கேட்க வேண்டிய நிலையில் நாம் இல்லை; எழுதியதை மீட்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் அமைப்புகளின் பழைய பிளாப்பிகளையும் குறுந்தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று அடித்தவரையே கேட்டு உறைமேல் எழுதிவையுங்கள். அச்சுப் பிரதி ஒன்றாவது கிடைத்தால் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அதைப் பக்கத்தில் வைத்துத்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டும், குறிப்பாக ஊர்ப் பெயர்களையும் இறந்தவர்களின் பெயர்களையும்.