அடிக்குறிப்பில் ஒரு விளம்பரம்

வரலாறு என்றவுடன் நம்மில் பலருக்குக் கல்வெட்டும் செப்பேடும்தான் நினைவுக்கு வரும். நான் படித்த நாளில் பத்திரிகைச் செய்தியைச் சான்றாகக் காட்டுவதே கொஞ்சம் கௌரவக் குறைச்சல். விளம்பரத்தைக் காட்டினாலோ, "என்னய்யா, சோப்பு விளம்பரமெல்லாம் ஆதாரமா?" என்று கேட்டுவிடுவார்கள். இன்று நிலைமை மாறிவிட்டது. சினிமா, காப்பி, கிராமபோன், லேகியம் என்று எதைப் பற்றிய ஆய்வேட்டைப் புரட்டினாலும் அடிக்குறிப்பில் எங்காவது ஒரு விளம்பரம் இருக்கிறது. இதில் எது உதவும், எங்கே கால் வழுக்கும் என்று நம் மலருக்குச் சில வார்த்தை எழுதலாம் எனத் தோன்றிற்று.

இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகையான ஹிக்கியின் பத்திரிகை 1780-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் முழுப் பெயர் 'பெங்கால் கெஜட் அல்லது கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்'. பெயரிலேயே விளம்பரம் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! அந்தக் காலக் கல்கத்தாப் பத்திரிகைகளில் அடிமைகளை விற்பதற்கும், ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தருவதற்கும்கூட விளம்பரங்கள் வந்தன. அமெரிக்காவில் இவை ஆயிரக்கணக்கில். ஓடிப்போனவனுக்கு என்ன வயசு, என்ன தொழில் தெரியும், முதுகில் எங்கே தழும்பு என்று எஜமானனே எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆள் அகப்பட வேண்டுமே, அங்க அடையாளத்தில் பொய் சொன்னால் காரியம் கெட்டுவிடும். தான் அடித்த அடிக்குத் தானே காசு கொடுத்துச் சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கார்னெல் பல்கலைக்கழகத்தார் இவற்றைத் தொகுத்துக் கணினியில் ஏற்றி வருகிறார்கள். வேறு எந்த ஆவணத்திலும் பெயர் பதியாத எத்தனையோ பேருக்கு அந்த நாலு வரிதான் மிஞ்சியிருக்கும் வரலாறு.

நம் பக்கம் வருவோம். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழிலும், நாயகன் தெலுங்கிலும் பேசிய விசித்திரமான படம். போட்டுப் பார்க்கப் படம் இல்லை. பத்திரிகை விளம்பரம், மதிப்புரை, பாட்டுப் புத்தகம் இவற்றை வைத்துத்தான் பேசுகிறோம். அதற்கு முந்திய மௌனப் படம் நடராஜ முதலியாரின் 'கீசக வதம்'. 1916 என்பார் ஒருவர், 1917 என்பார் இன்னொருவர், 1918 என்பார் மூன்றாமவர். இப்படிப்பட்ட வழக்கில் ஐம்பது வருஷம் கழித்து ஞாபகத்திலிருந்து சொன்ன பேட்டியைவிட, தேதி போட்ட ஒரு தியேட்டர் விளம்பரத்துக்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

ஆனால் அங்கேதான் வழுக்கும். "விரைவில் வருகிறது" என்ற விளம்பரத்தை வைத்து, வந்தேவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். 1920-இல் பாரதியார் தம் நூல்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகச் சுற்றறிக்கை விட்டார். அதை மட்டும் படித்த அயலூர்க்காரர் ஒருவர், தமிழ்நாட்டில் 4 லட்சம் பாரதி புத்தகங்கள் விற்றன என்று எழுதினால் எப்படி இருக்கும்? 1921 செப்டம்பரில் அவர் காலமானார். அந்த 40 புத்தகம் வரவே இல்லை. அவருடைய கனவு எவ்வளவு பெரியது என்பதற்கு அந்தக் காகிதம் அசைக்க முடியாத சாட்சி. விற்பனைக்கு அது சாட்சி ஆகாது.

விளம்பரம் கொடுத்தவர் யார் என்பதும் முக்கியம். அமிர்தாஞ்சனத்தை 1893-இல் பம்பாயில் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் 1908-இல் ஆந்திர பத்திரிகாவையும் தொடங்கினார். அதில் வரும் அமிர்தாஞ்சன விளம்பரத்தைப் பிறத்தியார் பணம் கட்டிப் போட்ட விளம்பரத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது. மருந்து விளம்பரங்களின் புளுகு எந்த அளவுக்குப் போயிற்று என்றால், அதைத் தடுக்க 1954-இல் ஒரு மத்தியச் சட்டமே போட வேண்டி வந்தது. புளுகும் சான்றுதான், மருந்தின் குணத்துக்கல்ல, வாங்கியவனின் பயத்துக்கு.

நம் பருத்திப்பட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு, 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை. அப்புறம் குடியேற ஜனங்கள், ஜனங்களுக்கு மனைகள். "ஸ்டேஷனுக்கு மிக அருகில், சுவையான குடிநீர்" என்ற மனை நோட்டீஸ் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் கிழித்துவிடாதீர்கள். அதிலுள்ள வரைபடத்தைப் பழைய கிராம வரைபடத்தோடும் 'அ' பதிவேட்டோடும் ஒத்துப் பாருங்கள். ஏரிக்கு வந்த வாய்க்கால் எந்த வருஷம், எந்தப் பெயரில் ரோடாயிற்று என்பதைத் தேட அதைவிட நல்ல இடம் இல்லை. தண்ணீர் வழி மறிக்கப்பட்டதென்று நாளைக்கு யாராவது கேட்டால் வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. 2019-இல் ஏரிக்கரையில் பூங்கா வந்துவிட்டது. இனி "லேக் வியூ" என்று நோட்டீஸ் வரும், அதையும் எடுத்து வையுங்கள்.

எடுத்து வைப்பதுதான் பெரும்பாடு. நூலகங்களில் பழைய பத்திரிகைகளைப் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் உருவி எறிந்துவிடும் வழக்கம் இருந்தது. கதை இருக்கும், கட்டுரை இருக்கும், விளம்பரம் இராது. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றவர்கள் புத்தகத்தோடு நோட்டீசையும் அழைப்பிதழையும் சேர்த்துவைத்ததால் ஏதோ பிழைத்தோம். அவர் பெயரில் சென்னையில் இயங்கும் நூலகத்துக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

ஆய்வு செய்யும் நம் இளைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. "சுதேசமித்திரன் விளம்பரம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். தேதி, பக்கம், பத்தி, விளம்பரதாரர் பெயர், அதே விளம்பரம் எத்தனை நாள் வந்தது, எல்லாம் வேண்டும். ஒருநாள் வந்து நின்றுபோனதற்கும் ஆறு மாதம் ஓடியதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

மலர்க் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். வழக்கம்போல விளம்பரப் பக்கங்களுக்கு எண் போடாமல் விட்டுவிடாதீர்கள். "நல்வாழ்த்துக்களுடன்" என்று போட்டிருக்கும் ஒவ்வொரு கடைக்கும் தெருப் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள்.