அசோஸ்பைரில்லம் வந்த வழி

நடவு நெருங்கினால் தஞ்சைப் பக்கத்து வேளாண் விரிவாக்க மையங்களில் 200 கிராம் உயிர் உரப் பொட்டலங்கள் வந்து இறங்கும். உள்ளே கறுத்த தூள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை அரைத்து, அதன் புளிப்பைக் கால்சியம் கார்பனேட்டால் தணித்துச் செய்வது வழக்கம். உரம் என்பது அந்தத் தூளில் குடியிருக்கும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா. கிராமுக்குக் குறைந்தது 5 கோடி செல்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை.

இந்த உயிரின் பிறந்த வீடு புல், நெல் வேர்கள். 1925இல் நெதர்லாந்தின் பெய்ஜரிங்க் இதை வேறு பெயரில் விவரித்தார். அரை நூற்றாண்டு கழித்துப் பிரேசிலில் யோஹானா டோபெரெய்னர் இதன் அருமையை உலகுக்குக் காட்டினார். இன்றைய பெயர் 1978இல் வந்தது.

டோபெரெய்னரின் கெட்டிக்காரத்தனம் அவருடைய வளர்ப்பு ஊடகத்தில் இருக்கிறது. தழைச்சத்தான நைட்ரஜன் உப்பு எதையும் அவர் அதில் சேர்க்கவில்லை. சர்க்கரைக்குப் பதிலாக மாலிக் அமிலம், லிட்டருக்கு 5 கிராம். அதன் புளிப்பை அடக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அமில கார நிலை 6.8 அளவில் நிற்கும். கட்டியாக்கும் அகார் லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவு என்பதால் ஊடகம் தளர்ந்த கூழாகவே இருக்கும். அதில் ஒரு வேர்த்துண்டைப் போட்டால், காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாத கிருமிகள் பட்டினியில் தேங்கிவிடும். அசோஸ்பைரில்லம் மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே வெள்ளைத் திரையாகக் கூடும். மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதுவே மிகுந்தால் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி கெட்டுவிடும். இரண்டுக்கும் ஒத்துவரும் ஆழத்தை அது தானே நீந்திக் கண்டுபிடிக்கிறது! மாலிக் அமிலத்தைத் தின்னத் தின்ன ஊடகம் காரமாகும். கலந்து வைத்த புரோமோதைமால் சாயம் பச்சையிலிருந்து நீலமாகும். நுண்ணோக்கி எடுக்கும் முன்பே நிறம் சேதி சொல்லிவிடும்.

உற்பத்திக் கூடத்தில் கதை தலைகீழ். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் வேளாண்மைத் துறைக்கே உயிர் உர மையம் உண்டு. இத்தகைய மையங்களில் பெருமளவில் வளர்க்கும்போது ஊடகத்தில் அம்மோனியம் குளோரைடு சேர்ப்பார்கள், காற்றும் தாராளமாகக் கொடுப்பார்கள். ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிடிக்க செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 16 செலவாகும். அம்மோனியம் கையில் கிடைத்தால் பாக்டீரியா அந்தப் பாட்டை விட்டுவிட்டுப் பெருகுவதில் இறங்கிவிடும். கூடத்துக்கு வேண்டியதும் அந்த எண்ணிக்கைதான்.

நைட்ரஜன் பிடிக்கும் வேலை வயலில் தொடங்குகிறது. நெல் வேர் கரிம அமிலங்களைக் கசியவிடுகிறது. தண்டின் காற்றறைகள் வழியே கொஞ்சம் ஆக்சிஜனும் சேற்றுக்குள் இறங்குகிறது. டோபெரெய்னரின் ஊடகத்தில் இருந்த நிலைமை ஏறக்குறைய அப்படியே அமைகிறது. வேரைக் கிளைக்க வைக்கும் ஆக்சின் என்ற ஹார்மோனையும் பாக்டீரியா சுரக்கிறது. விளைச்சலில் அதற்கும் பெரும் பங்குண்டு.

நம் வயல்களில் நடக்கும் தவறு, இந்த உயிர் உரத்தையும் யூரியாவையும் ஒரே கூடையில் கலந்து வீசுவது. யூரியா சில நாட்களில் அம்மோனியமாகும். பாக்டீரியா நைட்ரஜன் பிடிப்பதை நிறுத்திவிடும். நடவுக்கு முன் ஹெக்டேருக்கு 10 பொட்டலத்தை 25 கிலோ தொழு உரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து தூவுங்கள். யூரியாவைச் சில நாள் தள்ளிப் போடுங்கள். பொட்டலத்தை வரப்பில் வெயில் படப் போட்டுவைக்காதீர்கள்.