தஞ்சைக்குச் சென்ற மராட்டிய அடுக்களை

புனேயில் வாழும் நம் இல்லங்களிலிருந்து சாம்பார்க் கிண்ணம் அடுத்த வீட்டிற்குச் செல்வதும், பூரணப் போளியுடன் திரும்புவதும் அன்றாட நிகழ்ச்சியன்றோ? இவ்வுறவு புதியதன்று. புனேயை ஜாகீராகப் பெற்றிருந்த ஷாஜியின் மைந்தர் ஏகோஜி, ஏறத்தாழ 1676 இல் தஞ்சையில் ஆட்சியை நிறுவினார். அவரைத் தொடர்ந்து மராட்டியக் குடும்பங்களும் அவர்தம் சமையலும் தெற்கே குடியேறின. அவர் வழிவந்த இரண்டாம் சரபோஜி மன்னரின் (1798–1832) பெயர் தாங்கிய மராத்திச் சமையல் நூலாகிய ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளது. 1855 இல் அரசு மறைந்தது. எனினும், தமிழோடு தமிழாய்க் கலந்துவிட்ட அக்குடும்பங்கள் பல, வீட்டினுள் இன்றும் மராத்தி பேசுகின்றன. நமக்கும் வழி அதுவே: நம் அடுக்களையில் தமிழ் ஒலிக்கட்டும், கிண்ணமும் அடுத்த வீட்டிற்குச் சென்று வரட்டும்.