லீலா மஜும்தார்

மஜும்தார், லீலா (26 பிப்ரவரி 1908 – 5 ஏப்ரல் 2007): வங்காளச் சிறுவர் இலக்கிய எழுத்தாளர், இதழாசிரியர், வானொலித் தயாரிப்பாளர். கல்கத்தாவில் பிறந்து, அதே நகரில் தம் 99-ஆம் வயதில் காலமானார். நகைச்சுவைக் கதை, பேய்க்கதை, துப்பறியும் கதை, மாயக்கதை, நாடகம், வாழ்க்கை வரலாறு, மொழிபெயர்ப்பு, சமையல் நூல் என்று இவர் தொடாத வகை குறைவு. முழுமையடையாத ஒரு பட்டியலே இவருடைய நூல்கள் 125 என்கிறது. பதிப்பித்தவையும் பிறரோடு சேர்ந்து எழுதியவையும் அதில் அடங்கும். ஆகவே அந்த எண்ணைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

தந்தை பிரமதரஞ்சன் ராய், வங்கச் சிறுவர் இலக்கியத்தின் மூலவர்களில் ஒருவரான உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரியின் தம்பி. நில அளவைத் துறையில் பணியாற்றியவர். பர்மா முதலிய இடங்களின் காடுகளில் அளவைப் பணி செய்த அனுபவங்களை ‘போனேர் கபர்’ (காட்டுச் செய்திகள்) என்ற நூலாக எழுதினார். தாய் சுரமா தேவி. சுரமாவின் தந்தை மனைவியை இழந்தபின் துறவு பூண்டு ராமானந்த பாரதி ஆனார். கைலாயப் பயணத்தை ‘ஹிமாரண்யா’ நூலில் பதிவு செய்தார். கைலாயம் சென்ற முதல் இந்தியர் இவரே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். யாத்திரிகர்கள் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த வழி அது என்பதால், அந்தக் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. தாயில்லாப் பிள்ளையான சுரமாவை உபேந்திரகிஷோர் தம் வீட்டில் வளர்த்தார். பிறகு அவர் தம்பிக்கே சுரமா மனைவியானார்.

லீலாவின் வாழ்க்கையில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது ஷில்லாங்கில் கழிந்த இளமைப் பருவம். காரணம், அதைப் பற்றி அவரே இரண்டு நூல்களில் எழுதியிருக்கிறார்: ‘ஆர் கோனோகானே’ (வேறெங்கோ), ‘பாக்தண்டி’ (மலைப்பாதை). பைன் மரங்கள் சூழ்ந்த அந்த மலையூரில் லொரெட்டோ கான்வென்ட்டில் படித்தார். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் வங்க மொழி, வேலை செய்தவர்கள் பேச்சில் அங்குள்ள காசி மக்களின் மொழி. அப்பா மாதக்கணக்கில் காட்டில் இருப்பார். திரும்பி வந்தால் புலியும் யானையும் நடமாடும் கதைகள் வீட்டுக்குள் வந்துவிடும். பின்னாளில் இவர் கதைகளில் பெரியவர்கள் அளக்கும் நம்ப முடியாத கதைகளைப் பிள்ளைகள் முழு அக்கறையோடு கேட்பதைப் பார்க்கும்போது, அந்த வீட்டு முற்றம் நினைவுக்கு வராமல் போகாது.

1919-இல் தந்தைக்கு மாற்றல் வர, குடும்பம் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. உபேந்திரகிஷோர் 1913-இல் தொடங்கிய சிறுவர் இதழான ‘சந்தேஷ்’ அப்போது அவர் மகன் சுகுமார் ராயின் பொறுப்பில், கர்பார் சாலை 100-ஆம் எண் வீட்டு அச்சகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பெரியப்பா மகனின் அந்த இதழில் 1922-இல் லீலாவின் முதல் கதை, அவரே வரைந்த படத்துடன் வெளியாயிற்று. கதையின் பெயரைச் சிலர் ‘லொக்கிசெலே’ (நல்ல பிள்ளை) என்றும், சிலர் ‘லொக்கிசாடா’ (உருப்படாதவன்) என்றும் குறிக்கிறார்கள். மறு ஆண்டே சுகுமார் மறைந்தார்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ், எம்.ஏ. இரண்டிலும் ஆங்கில இலக்கியத்தில் லீலா முதலிடம் பெற்றார். டார்ஜிலிங்கில் ஆசிரியப் பணி. தாகூர் அழைத்ததன் பேரில் சாந்திநிகேதனில் ஏறத்தாழ ஓராண்டு. பின் அசுதோஷ் கல்லூரி மகளிர் பிரிவில் சிறிது காலம். 1933-இல் பல் மருத்துவர் சுதீர் குமார் மஜும்தாரை மணந்தார். பிரம்ம சமாஜத்தவரான தந்தை, சமாஜத்துக்கு வெளியே நடந்த இத்திருமணத்தை ஏற்கவில்லை. தந்தையோடு உறவு முறிந்தது முறிந்ததுதான்.

முதல் நூல் ‘பொத்திநாதேர் பொரி’ (வைத்தியநாதனின் மாத்திரை) 1939-இல் வந்தது. பெயர் வாங்கித் தந்தது 1948-இல் வந்த ‘தின் துபுரே’ (பட்டப்பகலில்). 1950-களில் வெளியான ‘பதி பிஷிர் பர்மி பாக்ஷோ’ (பதி அத்தையின் பர்மியப் பெட்டி) இன்றும் வங்காளிப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தாண்டிய சொத்து. பதி அத்தை கைம்பெண். கொள்ளைக்காரர்களும் அஞ்சும் துணிச்சல்காரி. வெறும் புல்லைக் கொண்டு கறி சமைத்து, பெரிய துரையையே வாயடைக்க வைத்தவள். அவள் தொலைத்த ரத்தினப் பெட்டியைப் பரம்பரை பரம்பரையாகக் குடும்பமே தேட, கடைசியில் ஒரு பையன் கையில் அது கிடைக்கிறது. ‘பர்மி’ என்ற பெயரில் தந்தையின் காட்டு அனுபவங்களின் சாயல் இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை.

1957-இல் வந்த ‘ஹொல்தே பாகிர் பாலொக்’ (மஞ்சள் பறவையின் இறகு) வேறு குரலில் எழுதப்பட்டது. காணாமல் போன நாயைத் தேடும் ருமு, பொகி என்னும் இரு குழந்தைகளிடம், தும்காவிலிருந்து வந்த வேலைக்காரர் ஜக்ரு ஒரு சேதி சொல்கிறார்: மஞ்சள் பறவையைத் தின்ற நாய் மனிதனாகிவிடும். அது மெய்யா பொய்யா என்று ஆசிரியர் தீர்ப்பு வழங்குவதில்லை. இந்நூல் மாநில அரசின் பரிசு பெற்றது. ‘மாகு’ என்ற கதையில் வருபவன் கடிகாரக்காரர் ஒருவர் செய்த இயந்திர மனிதன்; எல்லாம் தெரிந்தவனுக்கு அழவும் சிரிக்கவும் மட்டும் பொறி வைக்கப்படவில்லை. பகாசுர வதத்தை வைத்து எழுதிய ‘பக் பத் பாலா’ நாடகத்துக்குச் சங்கீத நாடக அகாதெமியின் விருது கிடைத்தது.

அகில இந்திய வானொலியின் கல்கத்தா நிலையத்தில் ஏழெட்டு ஆண்டுகள் தயாரிப்பாளராக இருந்தார். மகளிர் நிகழ்ச்சிக்காக அவர் உருவாக்கிய ‘மணிமாலா’, ஒரு சாதாரண நடுத்தரக் குடும்பப் பெண்ணுக்குப் பாட்டி எழுதும் கடிதங்கள். பெண்ணுக்குப் 12 வயது ஆகும்போது தொடங்கும் கடிதங்கள் அவள் திருமணம், தாய்மை வரை தொடர்கின்றன. வளரும் பெண்ணின் அன்றாடக் குழப்பங்களை அறிவுரைத் தொனியில்லாமல் பேசியதில் இது முன்னோடி எனலாம்.

நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ இதழை 1961-இல் சுகுமாரின் மகனான திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயவும் மீண்டும் கொண்டுவந்தார்கள். 1963 முதல் லீலா அதன் ஆசிரியர்களில் ஒருவர். சத்யஜித்துக்கு இவர் அத்தை முறை. சத்யஜித்தின் அத்தை மகள் நளினி தாஸும் உடன் சேர, இதழ் மூவர் பொறுப்பில் நடந்தது. சத்யஜித் படைத்த துப்பறிவாளன் ஃபெலுதாவின் முதல் கதை 1965-இல் அச்சேறியது இங்கேதான். தமிழில் ஃபெலுதாவை அறிந்தவர்கள் பலர். அவனை அச்சேற்றிய ஆசிரியர் குழுவில் இருந்த இந்த அத்தையை அறிந்தவர்கள் சிலரே என்பது வருத்தத்துக்குரியது. 1994 வரை இதழ்ப் பணியில் ஈடுபட்டிருந்தார்.

பெரியவர்களுக்காக ‘ஸ்ரீமதி’, ‘சீனா லண்ட்டன்’ (சீன விளக்கு) ஆகிய நாவல்களை எழுதினார். ஸ்விஃப்ட்டின் ‘கலிவரின் பயணங்கள்’, ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ ஆகியவற்றை வங்க மொழிக்குக் கொண்டுவந்தார். மகளோடு சேர்ந்து எழுதிய சமையல் நூல் பல வீடுகளில் கதைப் புத்தகங்களுக்குச் சமமாகப் புரட்டப்படுகிறது. ‘ஆர் கோனோகானே’ 1969-இல் ரவீந்திர விருது பெற்றது. ஆனந்த விருதும், விஸ்வபாரதியின் தேசிகோத்தம பட்டமும் பின்னர் வந்தன.

பதி அத்தையின் கதையைப் படமாக்கும் எண்ணம் சத்யஜித்துக்கு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. படமாக்கியவர் அருந்ததி தேவி (1972). பதி அத்தையாக நடித்தவர் சாயா தேவி. லீலாவின் சிறுவர் நூல்கள் சில ஆங்கிலத்திலும் வந்துள்ளன.